துகளைக் கடைசியில் வாங்குங்கள்: மதுரையில் காந்தத் துகள் சோதனை மேசை அமைக்க ஒரு வழிகாட்டி

தண்ணீரில் மிதக்கவிட்ட சில மைக்ரான் காந்தத் துகள்கள், வெளிக் காந்தப்புலம் இல்லாதபோது தூசி மாதிரி தாறுமாறாக அலையும். புலத்தைப் போட்டால் சில நொடிகளில் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். புலத்தைச் சுழற்றினால் சங்கிலியும் சுழலும். வேகம் கூடக்கூட அது உடைந்து, வட்டத் தட்டுகளாகச் சேர்ந்து மெல்ல உருளும். எந்தத் துகளும் எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. புலத்தின் திசையும் வேகமும்தான் ஒழுங்கை உண்டாக்குகின்றன. எம்.எஸ்சி. இயற்பியல் செயல்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கடினம். செலவும் கைக்கு அடங்கும்.

ஆனால் பெரும்பாலான திட்டங்கள் ஒரே இடத்தில் சிக்குகின்றன. துகள் முதலில் வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்து காலாவதித் தேதியை நோக்கி நகரும். இங்கே புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருளான காயில் இன்னும் கட்டி முடிந்திருக்காது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புலம் சரியானால் துகள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். புலம் கோணலானால் எவ்வளவு விலையுயர்ந்த துகளும் உதவாது.

1. காலமும் காகிதமும்

மொத்தம் 15 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். செயல்திட்டப் பருவம் டிசம்பரில் தொடங்குகிறது என்றால், ஆகஸ்ட் கடைசியில் வேலையைத் தொடங்கினால்தான் ஜனவரியில் அளவீடு எடுக்கலாம். காயிலுக்கு 2 வாரம், மின்சுற்றுக்கு 2, ஒளியியல் அமைப்புக்கு 2, சரிபார்ப்புக்கு 1. துகள் ஆர்டர் போட்டு கைக்கு வர 4 முதல் 8 வாரம்.

தயாராக இருக்க வேண்டிய காகிதங்கள்:

துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று. துகள் கல்வி, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். கல்லூரி முத்திரையும் தேதியும் இல்லாத கடிதத்தை விநியோகஸ்தர் திருப்பி அனுப்புவார், அதில் ஒரு வாரம் போகும்.

கல்லூரிப் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணுடன் கொட்டேஷன். அரசுக் கல்லூரி என்றால் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் வழியா, மூன்று கொட்டேஷன் வழியா என்பதை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள். மாணவர் பெயரில் வாங்கிய பில்லைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த ஒரு தவறால் சொந்தப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

துகளின் பாதுகாப்புத் தரவுத் தாள். அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவிக்கு விண்ணப்பிப்பதானால், வழிகாட்டி ஆசிரியரும் முதல்வரும் ஒப்பமிட வேண்டும். அந்தப் பணம் கைக்கு வரும்வரை காத்திருந்து வேலையைத் தொடங்காதீர்கள்.

செலவு, தோராயமாக: செம்புக் கம்பி 2 கிலோ (செம்பு விலையோடு ஏறி இறங்கும், கிலோ ஆயிரத்துக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள்), காயில் கட்டுகூலி, 24 வோல்ட் மின்வழங்கி (எஸ்.எம்.பி.எஸ்.), இரண்டு மோட்டார் டிரைவர், ஒரு இ.எஸ்.பி. 32 நுண்கட்டுப்படுத்திப் பலகை, உணரிகள், 10 மடங்கு மைக்ராஸ்கோப் லென்ஸ் (அப்ஜெக்டிவ்), வெப் கேமரா, அக்ரிலிக், பித்தளை ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 15,000 முதல் 18,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். துகள் தனி. இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒரு சிறு குப்பியே மொத்தக் கருவியின் விலையை எட்டலாம். துகளைக் கடைசியில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. எந்தத் துகள் என்பதை மட்டும் இப்போது முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று பொறி.

பொறி இதுதான்: கல்லூரி ஆய்வகத்தில் ஃபெர்ரிக் குளோரைடையும் ஃபெரஸ் குளோரைடையும் 2:1 மோல் விகிதத்தில் கலந்து, அமோனியா ஊற்றி, 10 நானோமீட்டர் மேக்னடைட் தயாரிப்பது. எளிது, மலிவு, கறுப்பாக அழகாகவும் வரும். ஆனால் சங்கிலி வராது. காந்த இழுப்புக்கும் வெப்பக் குலுக்கலுக்கும் உள்ள விகிதம் 10 நானோமீட்டர் மேக்னடைட்டுக்கு முழுச் செறிவிலும் 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். சங்கிலி நிலைக்க அது பல மடங்கு வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஒரு துகளும் தனியாகத் தெரியாது.

பழகுவதற்கு ஏற்றது கார்பனைல் இரும்புத் தூள், 3 முதல் 5 மைக்ரான். ரசாயனக் கடை வழியாக வரவழைக்கலாம். குறை என்னவென்றால் அது கனமானது. 0.1 மில்லிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் 2 நொடியில் அடியில் போய் உட்காரும். கிளிசரினில் கலந்தால் நேரம் கிடைக்கும். புலத்தை அணைத்த பிறகும் கட்டி பிரியாது. நுண்தூள் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அளவீட்டுக்கு வேண்டியது 2.8 மைக்ரான் சூப்பர்பாராமேக்னடிக் பீடு. பாலிமர் உருண்டைக்குள் நானோ துகள்கள் பொதிந்திருக்கும். புலம் இருந்தால் காந்தம், புலம் போனால் வெறும் பிளாஸ்டிக். 1 மில்லி டெஸ்லாவிலேயே மேலே சொன்ன விகிதம் 100-ஐ நெருங்கும், புலத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மேற்பூச்சில் கார்பாக்சில் வகையைக் கேளுங்கள். புரதம் பூசியது உயிரியல் ஆட்களுக்கு. உங்களுக்கு அது வீண்செலவு, கண்ணாடியிலும் ஒட்டும்.

3. காயில் கணக்கு

இரண்டு ஜோடி வட்டக் காயில்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. ஒவ்வொரு ஜோடியிலும் இரு காயில்களின் இடைவெளி அவற்றின் ஆரத்துக்குச் சமம். இதுதான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பு. நடுப்புள்ளியில் புலம், மில்லி டெஸ்லாவில்:

0.0009 × ஒரு காயிலின் சுற்றுகள் × ஆம்பியர் ÷ ஆரம் (மீட்டரில்)

உள் ஜோடி: ஆரம் 5 செ.மீ., 200 சுற்று, 22 கேஜ் கம்பி. 1.5 ஆம்பியருக்கு 5.4 மில்லி டெஸ்லா. ஒரு காயிலுக்கு 63 மீட்டர் கம்பி, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மின்தடை 2.7 ஓம்.

வெளி ஜோடி: ஆரம் 7 செ.மீ., 280 சுற்று, அதே கம்பி. அதே மின்னோட்டத்துக்கு அதே புலம். ஒரு காயிலுக்கு 123 மீட்டர், 5.3 ஓம்.

இரண்டு ஜோடியும் ஒரே ஆரத்தில் இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடாது. ஒரே அளவு வளையங்கள் ஒன்றையொன்று முட்டும். 5-க்கு 7 என்றால் உள் ஜோடி வெளி ஜோடிக்குள் நுழைந்து நிற்கும், 11 மில்லிமீட்டர் தடிமனுக்கும் இடம் இருக்கும். 280 என்பது 200-ஐ 1.4-ஆல் பெருக்கியது. இதைச் சரியாக வைத்தால் இரு அச்சுக்கும் ஒரே மின்னோட்டம் போதும், மென்பொருளில் திருத்தம் குறையும்.

புவிக்காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், மதுரையில் புவிக்காந்தப் புலம் ஏறக்குறைய தரையோடு படுத்தே கிடக்கிறது. அளவு சுமார் 0.04 மில்லி டெஸ்லா. 5 மில்லி டெஸ்லாவுக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் 0.5-க்குக் கீழே வேலை செய்யும்போது கணக்கில் வரும். ஒரு ஜோடியின் அச்சைக் கிழக்கு மேற்காக வைத்துவிட்டால் அந்தத் தொந்தரவு இன்னொரு ஜோடியோடு நின்றுவிடும்.

4. காயில் கட்டுதல்

மோட்டார் ரீவைண்டிங் கடைதான் உங்கள் இடம். வீட்டில் கையால் சுற்ற ஆசைப்படாதீர்கள். எண்ணிக்கை தவறும், இழுவிசை மாறும், எனாமல் உரியும். கடையில் சுற்று எண்ணும் கருவியுடன் சுற்றும் இயந்திரம் இருக்கும். நேரம் மட்டும் பார்த்துப் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எரிந்துபோன மின்விசிறியும் கிணற்று மோட்டாரும் வாசல்வரை குவிந்திருக்கும், உங்கள் நான்கு வளையத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மாசி வீதிகளில் தேர் போகும், சுற்றுவட்டாரத்தில் சரக்கு எடுப்பதே பெரும்பாடு. செப்டம்பர் நல்ல மாதம்.

கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, மோட்டாருக்கு இல்ல, காலேஜ் சோதனைக்கு. 22 கேஜ், இருநூறு சுத்து ரெண்டு, இருநூத்து எண்பது ரெண்டு. நாலும் ஒரே பக்கமா சுத்தணும். ஆரம்ப முனைக்குச் சிவப்பு ஸ்லீவ் போட்டுருங்க." சிவப்பு ஸ்லீவை மறக்கவே கூடாது. ஜோடியில் ஒரு காயில் திருப்பி இணைந்துவிட்டால் நடுவில் புலம் பூஜ்யம், சுற்றிலும் சரிவு. துகள்கள் சங்கிலி கட்டாமல் ஓரத்தை நோக்கி ஓடும். புதியவர்கள் இதைத் துகளின் குற்றம் என்று நினைத்துப் புதுக் குப்பி வாங்குகிறார்கள்.

காயில் சுற்றும் சட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கும்.

முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் சட்டம் செய்வது முதல் தவறு. அது 60 டிகிரியில் இளகும். காயில் சூடாகும்போது சட்டம் வளைந்து இடைவெளி மாறும்.

அலுமினியச் சட்டம் இரண்டாவது. அதுவே ஒரு சுற்றுக் காயிலாக மாறி, மாறும் புலத்தைத் தின்றுவிடும். அலுமினியம்தான் கிடைக்கும் என்றால் வளையத்தை ஒரு இடத்தில் குறுக்கே அறுத்துவிடுங்கள்.

மூன்றாவது இரும்பு ஆணி, இரும்பு ஸ்க்ரூ.

கடைசல் பட்டறையில் நன்கு காய்ந்த மரத்தில் கடைந்து வாங்குவதே நல்லது, அல்லது ஹைலம் என்ற மின்காப்பு அட்டையில் வெட்டி ஒட்டுங்கள். சட்டத்தின் பள்ளம் உள் காயிலுக்கு 12 மில்லிமீட்டர் அகலம், 12 ஆழம். 280 சுற்றுள்ள வெளி காயிலுக்கு 12 அகலம், 16 ஆழம். சுற்றி முடித்ததும் வார்னிஷ் முக்கிக் காயவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாறும் புலத்தில் கம்பி இரையும்.

வாங்கும்போதே மல்டிமீட்டரில் அளவெடுங்கள். ஜோடியின் இரு காயில்களுக்கும் மின்தடை 2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் சுற்று எண்ணிக்கை தவறியிருக்கிறது. அங்கேயே சொன்னால் அவிழ்த்துக் கட்டித் தருவார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சொன்னால் இன்னொரு கூலி.

5. மின்னோட்டம் கொடுத்தல்

ஜோடியின் இரு காயில்களையும் தொடராக இணையுங்கள். ஒரே மின்னோட்டம் இரண்டிலும் ஓடும், சமமின்மைக்கு இடமில்லை.

ஆடியோ ஆம்ப்ளிஃபயர் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். வேண்டாம். அதன் நுழைவாயிலில் உள்ள கெப்பாசிட்டர், காதுக்கு எட்டாத தாழ் அதிர்வெண்ணை வெட்டிவிடும். உங்களுக்கு வேண்டியதோ 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ். எல் 298 மோட்டார் டிரைவர் பலகையும் வேண்டாம், 2 ஆம்பியரில் கிட்டத்தட்ட 5 வோல்ட்டை அதுவே சூடாக்கித் தீர்த்துவிடும். பி.டி.எஸ். 7960 டிரைவர் இரண்டு, அச்சுக்கு ஒன்றாக. டவுன்ஹால் ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ஆன்லைனில் ஒரு வாரத்தில் வரும்.

இ.எஸ்.பி. 32 பலகையை எடுங்கள். இத்தகைய பலகைகள் மின்னழுத்தத்தை வேகமாகப் போட்டு அணைத்துத் துடிப்புகளாகவே தரும். ஆர்டுவினோ யூனோவில் இயல்பான துடிப்பு வேகம் 490 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பு புலத்தில் நெளிவாகத் தெரியும், காயிலும் இரையும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சத்தமும் நெளிவும் போய்விடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: டிரைவர் பலகையின் தர்க்க மின்வழங்கலை 5 வோல்ட்டில் இணைத்தால், இ.எஸ்.பி. தரும் 3.3 வோல்ட் சமிக்ஞையை அது சில நேரம் ஏற்கும், சில நேரம் ஏற்காது. அதே 3.3 வோல்ட்டையே பலகைக்கும் கொடுங்கள். ஒரு அச்சு அவ்வப்போது செத்துப் பிழைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மின்வழங்கல் 24 வோல்ட், 5 ஆம்பியர். டிரைவர் அருகில் 50 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, வழியில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. ஒரு சுழற்சிக்கு 100 புள்ளி கொண்ட சைன் அட்டவணையை நினைவில் ஏற்றி, இரண்டாம் அச்சுக்கு 25 புள்ளி தள்ளிப் படியுங்கள். 90 டிகிரி வந்துவிடும்.

காகிதத்தில் 90, காயிலில் 90 அல்ல. காயிலுக்குத் தூண்டல் உண்டு, மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும். 20 ஹெர்ட்ஸில் உள் ஜோடி சுமார் 15 டிகிரி பின்தங்கும், வெளி ஜோடி சுமார் 23. வித்தியாசம் 8 டிகிரி. அதைத் திருத்தாவிட்டால் வட்டச் சுழற்சி நீள்வட்டமாகிவிடும், தட்டுகள் ஒரு பக்கமாக நீண்டு வளரும். 40 ஹெர்ட்ஸைத் தாண்டினால் வெளி ஜோடியில் 1.5 ஆம்பியர் போவதற்கு 24 வோல்ட் பற்றாமல் போகத் தொடங்கும். அதுவே இந்த அமைப்பின் எல்லை.

6. பார்ப்பதற்கு

துறையில் உள்ள மைக்ராஸ்கோப்பை அப்படியே பயன்படுத்தலாம் என்று நம்பித் திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். சாதாரண அப்ஜெக்டிவ் 45 மில்லிமீட்டர் நீளம். அதற்கு மேலே அப்ஜெக்டிவ்களைத் தாங்கும் அகலமான சுழல்தட்டு. உங்கள் உள் காயிலோ மாதிரியிலிருந்து 56 மில்லிமீட்டர் உயரம் எழும்பி நிற்கிறது. தட்டு காயிலில் இடித்துவிடும், குவியமே கிடைக்காது. போதாக்குறைக்கு மேடையும் கிளிப்பும் இரும்பாக இருக்கும்.

தீர்வு எளிது. 160 மில்லிமீட்டர் குழாய்க்கான 10 மடங்கு அப்ஜெக்டிவ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். வெளிவிட்டம் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி கடைசல் பட்டறையில் நைலான் அல்லது பித்தளைக் குழாய் கடைந்து, ஒரு முனையில் அப்ஜெக்டிவ், மறுமுனையில் லென்ஸ் கழற்றிய வெப் கேமரா. அப்ஜெக்டிவின் தோளிலிருந்து கேமரா உணரி 150 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். உள் காயில்களுக்கு நடுவே 39 மில்லிமீட்டர் சந்து இருக்கிறது, குழாய் தாராளமாக இறங்கும். குழாயின் உட்புறத்துக்கு மங்கலான கறுப்பு பெயின்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் படம் பால்போல வெளுத்திருக்கும்.

கண்ணாடிச் சில்லை உள் ஜோடியின் அச்சோடு நீளவாக்கில் செருகுங்கள்.  கீழிருந்து வெளிச்சத்துக்கு வெள்ளை எல்.இ.டி. ஒன்று, நேர்மின்னோட்டத்தில். வீட்டு பல்பு 100 ஹெர்ட்ஸில் மினுங்கிக் காணொளியைக் கோடுகோடாக்கும்.

7. துகள் இல்லாமலே சோதியுங்கள்

இந்தப் படி முடியாமல் துகள் ஆர்டர் போடாதீர்கள்.

49இ ஹால் உணரியை நடுப்புள்ளியில் வையுங்கள். 1 மில்லி டெஸ்லாவுக்கு சுமார் 14 மில்லிவோல்ட் மாறும். உணரிக்கு உணரி வேறுபடும், ஆகையால் ஒரு ஜோடியில் தெரிந்த மின்னோட்டம் செலுத்தி மேலே உள்ள சூத்திரத்தோடு ஒப்பிட்டு அளவுகோலைத் திருத்துங்கள். கைப்பேசி காந்தமானி செயலியை நம்பாதீர்கள், சில மில்லி டெஸ்லாவிலேயே அது திகட்டிவிடும். ஆனால் காயில் திசை சரியா என்று பார்க்க அது போதும்.

மின்னோட்டத்தின் கட்டத்தைப் பார்க்க ஆசிலோஸ்கோப்பின் தரை கிளிப்பை காயில் முனையில் மாட்டாதீர்கள். இரண்டு சேனலின் தரையும் உள்ளே ஒன்று. இரண்டு டிரைவரின் வெளியீட்டையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு எரித்துவிடுவீர்கள். ஏ.சி.எஸ். 712 மின்னோட்ட உணரி, 5 ஆம்பியர் வகை, அச்சுக்கு ஒன்று. ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும், காயிலோடு மின்தொடர்பும் இல்லை. இரண்டு வெளியீட்டையும் எக்ஸ்-ஒய் முறையில் போட்டால் திரையில் வட்டம் வர வேண்டும். முட்டை வந்தால் கட்டத்தையும் வீச்சையும் மென்பொருளில் நகர்த்துங்கள். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித் திருத்த எண் குறித்துவையுங்கள்.

பிறகு 30 நிமிடம் ஓடவிடுங்கள். செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 40 டிகிரி சூடேறினால் புலம் 14 சதவீதம் இறங்கிவிடும், திரையில் வட்டம் சுருங்குவதே தெரியும். மே மாத மதுரை மத்தியானத்தில் அறை ஏற்கெனவே 38-ல் நிற்கும்போது இது இன்னும் மோசம். ஒரு சின்ன விசிறியை காயிலை நோக்கி வையுங்கள், மேசையைத் தொடாமல். 5 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் ஓய்வு என்று பழகுங்கள்.

8. இப்போது துகள்

கொட்டேஷன் கேட்கும்போதே காலாவதித் தேதி எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். சிறிய குப்பியே போதும்: ஒரு சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர்தான் செலவு, 2 மில்லிலிட்டரில் 400 முறை ஓட்டலாம். பெரிய குப்பி வாங்கினால் மிச்சம் வீணாகும்.

ஐஸ் பெட்டியில் வரும் சரக்கைத் திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனி, ஞாயிறு ஏதோ ஒரு கிடங்கில் வெயிலில் கிடக்கும். வந்ததும் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசரில் அல்ல. உறைந்தால் துகள்கள் கட்டிபட்டுவிடும், பிறகு எதனாலும் பிரிக்க முடியாது. உணவு வைக்கும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. சில குப்பிகளில் பாதுகாப்புப் பொருளாக சோடியம் அசைடு இருக்கும், லேபிளைப் படியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்கூட்டியே பார்த்து வைத்து, அன்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள்.

9. செல் (துகள் கலந்த நீரை அடைக்கும் கண்ணாடிக் கூடு) தயாரித்தல்

ஆழ்குழாய்த் தண்ணீரும் குடிநீரும் இங்கே ஆகாது. உப்பு இருந்தால் துகள்களை விலக்கி நிறுத்தும் மின்சுமை மறைந்து, அவை புலம் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். வேதியியல் துறையின் இருமுறை காய்ச்சி வடித்த நீரைக் கேட்டு வாங்குங்கள்.

குப்பியைக் குலுக்காமல் உருட்டி, ஒரு நிமிடம் கலக்குங்கள். 10 மைக்ரோலிட்டர் எடுத்து, சிறு குழாயில் 1 மில்லிலிட்டர் நீரில் விடுங்கள். வெளியே ஒரு காந்தத்தை 2 நிமிடம் ஒட்டிவைத்து, தெளிந்த நீரை உறிஞ்சி எடுங்கள். மூன்று முறை. கடைசியில், துகள் ஒட்டாமல் தடுக்கும் சோப்பு போன்ற ட்வீன் 20 0.1 சதவீதம் கலந்த நீரில் மீண்டும் 1 மில்லிலிட்டராக்குங்கள். இது நூற்றில் ஒரு பங்கு கலவை, சங்கிலி பார்க்க ஏற்றது. குப்பியில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் துகள் இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 600 துகள் வரும். தட்டுகள் வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு.

கண்ணாடிச் சில்லில் இரண்டு கீற்று இரட்டைப் பக்க டேப், சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். மேலே 22 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப். ஓரத்தில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நெயில் பாலிஷால் நான்கு பக்கமும் மூடுங்கள். ஒரு ஊசிமுனைச் சந்து விட்டாலும் மதுரை வெயிலில் 10 நிமிடத்தில் காற்றுக்குமிழ் நுழையும், உள்ளே ஆறு ஓடுவதுபோல எல்லாத் துகளும் ஒரே திசையில் நகரும். பார்ப்பதற்குக் கூட்டு இயக்கம் போலவே இருக்கும், ஏமாறாதீர்கள்.

மேடையில் ரசமட்டம் வைத்து இரு திசையிலும் சரிபாருங்கள். துகள்கள் அடியில் படிய ஒரு நிமிடம் ஆகும். அதன்பின் சரிவு இருந்தால் மெல்ல ஒரு பக்கம் சறுக்கும்.

10. ஓட்டுதல்

முதலில் ஒரு அச்சில் மட்டும் நேர்மின்னோட்டம், 2 மில்லி டெஸ்லா. திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்புப் புள்ளிகளில் அருகருகே உள்ள இரண்டு சட்டென்று ஒட்டும். அந்த ஜோடி புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கும். மூன்றாவது ஒன்று பக்கவாட்டில் வந்தால் தள்ளப்படும், முனைக்கு வந்தால் இழுக்கப்படும். ஒரு நிமிடத்தில் முழுத் திரையும் சீப்பு வாரியதுபோல இணைகோடுகளாகிவிடும். அணைத்தால் கோடுகள் கலைய வேண்டும். கலையாமல் நின்றால் கழுவுதல் போதவில்லை, அல்லது உப்பு.

அடுத்து சுழலும் புலம், 5 மில்லி டெஸ்லா, 0.5 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏற்றுங்கள். சங்கிலியைச் சேர்த்துப் பிடிப்பது காந்த இழுப்பு, உடைப்பது தண்ணீரின் இழுவை. இழுவையைக் காந்த இழுப்பால் வகுத்து வரும் விகிதத்துக்கு மேசன் எண் என்று பெயர். சங்கிலி நீளம் அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். நடைமுறையில்: அதிர்வெண்ணை இரட்டித்தால் நீளம் 0.7 மடங்காகும், புலத்தை இரட்டித்தால் நீளமும் ஏறத்தாழ இரட்டிக்கும். இந்த இரண்டும் உங்கள் வரைபடத்தில் வந்தால் கருவி சரி.

அறை வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். 25 டிகிரியில் தண்ணீரின் பாகுத்தன்மை 0.89 மில்லிபாஸ்கல் நொடி, 35-ல் 0.72. காலை எடுத்த புள்ளியும் மத்தியானம் எடுத்த புள்ளியும் பொருந்தாததற்கு இதுவே காரணம். மேசன் எண்ணில் பாகுத்தன்மையைப் போட்டால் பொருந்திவிடும்.

ஒரு கண்கட்டு வித்தை: நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமராவில் 15 ஹெர்ட்ஸ் சுழற்சி அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். சங்கிலி அரைச்சுற்று சுற்றினாலே பழைய தோற்றம் வந்துவிடும் என்பதால் 30 அல்ல, 15-லேயே இது நடக்கும். "புலம் நின்றுவிட்டது" என்று மின்சுற்றைப் பிரிப்பதற்கு முன் அதிர்வெண்ணை 14-க்கு மாற்றிப் பாருங்கள்.

அடர்ந்த கலவையில் 20 ஹெர்ட்ஸுக்கு மேலே சங்கிலிகள் துண்டு துண்டாகி, சராசரி இழுப்பு எல்லாத் திசையிலும் சமமாகிவிடும். துகள்கள் தேன்கூட்டு ஒழுங்கில் வட்டத் தட்டுகளாகச் சேரும். தட்டு புலத்தைவிட மிக மெதுவாகத்தான் சுழலும். இரண்டு தட்டுகள் நெருங்கினால் ஒன்றையொன்று சுற்றி வந்து கலந்துவிடும். அந்தக் காட்சியைக் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து பதியுங்கள். அளவிட ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருள் இலவசம். அளவுகோலுக்கு 0.01 மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைத் துறையில் கேட்டு ஒரு படம் எடுத்துவையுங்கள்.

காயில் மூன்றாவது ஒன்றைத் தட்டையாகக் கீழே வைத்தால் புலத்தை மேல்நோக்கிச் சாய்க்கலாம். செங்குத்திலிருந்து 54.7 டிகிரியில் சுழலும் புலத்தின் சராசரி இழுப்பு பூஜ்யமாகும், அதைவிட மேலே சாய்த்தால் விலக்கலாக மாறும். இதை முதல் பருவத்தில் தொடாதீர்கள்.

11. முடித்து வைக்கும்போது

பயன்படுத்திய செல்களைக் கண்ணாடிக் குப்பையில் போடுங்கள், வாஷ்பேசினில் துகள் கலவையை ஊற்றாதீர்கள். குப்பியை நிமிர்த்தியே வைத்து, திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். காய்ந்த துகள் மீளாது.

பில், டெலிவரி சலான், ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண் மூன்றையும் ஒரே கோப்பில் நூலால் கட்டிவையுங்கள். துகள் நுகர்பொருள், காயிலும் கேமராவும் நிலைப்பொருள். ரிஜிஸ்டரே வேறு வேறு. ஒன்றில் ஏற்ற வேண்டியதை மற்றதில் ஏற்றினால் தணிக்கைக்காரர் வரும் நாளில் உங்கள் வழிகாட்டி ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.